கொப்புடையம்மனுக்கு எத்தனை செல்?

எட்டாம் வகுப்பு, மதியச் சாப்பாடு முடிந்து முதல் பீரியட். பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருக்கும் நேரம். மேஜையில் நோட்டேக்கரை, அதாவது விரலால் படிக்கும் என் பிரெயில் கருவியை, வைத்து, வரியின் தொடக்கத்தில் விரலை ஓட்டியபடி, “இன்னைக்கு நாம பாக்கப்போற லாடம்...” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் மூளை விழித்தது. அதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்துவிட்டது: “குதிரைக்கா மாட்டுக்காம்மா?”

வகுப்பே எழுந்துகொண்டது. நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

நடந்தது இதுதான். பிரெயிலில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிக்கு இடம்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. ‘ப’ என்றால் 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகள். ‘ல’ என்றால் 1, 2, 3. என் இயந்திரத்தின் முதல் செல்லில், அதாவது வரியின் முதல் எழுத்துக்கான இடத்தில், நான்காம் புள்ளி அன்றைக்கு எழவில்லை. பாடம் லாடமானது. மறுநாள் பட்டு லட்டானது. ‘ம’வுக்கு 1, 3, 4, அதில் நான்கு போனால் மிச்சம் 1, 3. அது ‘க’. ஆகவே மாடு காடாயிற்று, மடல் கடலாயிற்று. வரியின் முதல் எழுத்துக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல், மற்ற 31 செல்லும் ஒழுங்கு. ஆனால் வரியின் முதல் எழுத்தை நம்ப முடியாத ஒரு தமிழாசிரியையை யோசித்துப் பாருங்கள்.

எனக்கு நான்கு வயதில் மணல்வாரி வந்து பார்வை போனது. காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். பார்வையில்லாத பிள்ளைகளைப் பெற்றவர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளும் போனில் கூப்பிட்டு, “எந்த மெஷின் வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒரு முறை தப்பாக வாங்கி, மறுமுறை ஓரளவு சரியாக வாங்கியவளின் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆத்தங்குடி. அப்பா கல் போடுகிறவர். ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்வார்கள் என்று பலருக்குத் தெரியாது. கண்ணாடித் தகட்டைக் கீழே வைத்து, அதன்மேல் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் சாயக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கும் மேலே கலவையை அப்பி அழுத்துவார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவேண்டும். கண்ணாடி கழன்றதும் முகம் வழவழவென்று இருக்கும். அதாவது கல்லின் முகம் வேலை முடிகிறவரை தரையைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது.

விடுதிப் பள்ளியில் எனக்குக் கொடுத்தது இரும்பு ஸ்லேட்டும் குத்தூசியும். தாளை மாட்டி, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போகவேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க முடியும். ‘ம’வை ‘ம’வாகக் குத்தக் கூடாது, கண்ணாடியில் தெரியும் ‘ம’வாகக் குத்தவேண்டும். முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் இதைச் சொல்லி அழுதேன். என் விரலைப் பிடித்துக் காய்ந்துகொண்டிருந்த ஒரு கல்லின் சொரசொரப்பான முதுகில் வைத்தார். “நீ எழுதுறதும் என் வேலை மாதிரிதான் ஆத்தா. முகம் கீழ கிடக்கு, நாம முதுகுல வேலை பாக்குறோம்.” அதற்குப் பிறகு அழவில்லை.

அடுத்தது பெர்கின்ஸ் பிரெய்லர், பிரெயில் தட்டச்சுப் பொறி. அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளிக்காக டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951-ல் வெளிவந்தது. எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நம் காட்பாடியிலுள்ள வொர்த் டிரஸ்ட்டிலும் இதைச் செய்கிறார்கள். நல்ல இயந்திரம், பேத்தி காலம் வரை உழைக்கும். ஆனால் ஆத்தங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் போய்வந்தேன். அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லாததுதான் குறை. வகுப்பில் ஒரு எழுத்து தட்டினாலும் அடுத்த வகுப்புக்குக் கேட்கும்.

நோட்டேக்கர் என்பது இந்தச் சுமைக்கு வந்த மாற்று. 1987-ல் அமெரிக்காவில் டீன் பிளேஸி கொண்டுவந்த ‘பிரெயில் ’ன் ஸ்பீக்’ கைக்கு அடக்கமான பெட்டி. பிரெயில் விசைகளில் தட்டினால் அதைச் சேமித்துக்கொண்டு பேசிக் காட்டும், விரலால் படிக்க ஒன்றும் கிடையாது. பிறகு 2000-ல் நியூசிலாந்திலிருந்து பிரெயில்நோட் வந்தது. கொரியாவிலிருந்து பிரெயில்சென்ஸ் வந்தது. இவற்றில் விசைகளுக்குக் கீழே ஒரு வரி பிரெயில் இருக்கும். புள்ளிகள் எழும், அமுங்கும், அடுத்த வரி வரும். ஒவ்வொரு எழுத்துக்குமான இடத்தைத்தான் செல் என்கிறோம்.

“போன்லயே எல்லாம் இருக்கேம்மா, எதுக்கு இன்னொரு மெஷினு?” என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். போன் பேசும். கணினியில் திரையை வாசிக்கும் இலவச மென்பொருளான என்விடிஏ பேசும். ஆனால் காதுக்குள் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது நான் வாயால் பாடம் நடத்துவது எப்படி? செய்யுள் அடி மறந்துவிட்டால், பேச்சை நிறுத்தாமல், விரலை மட்டும் ஓட்டி அடுத்த சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். பார்வையுள்ள ஆசிரியர் கடைக்கண்ணால் புத்தகத்தைப் பார்ப்பது போல.

இன்னொன்றும் உண்டு. கேட்டே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது. கணினிக் குரல் ‘வாழை’, ‘வாளை’, ‘வாலை’ மூன்றையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சொல்கிறது. விரலுக்கு அப்படி இல்லை. ‘ல’ இடப்பக்கச் சுவர் மட்டும், 1, 2, 3. ‘ள’ வலப்பக்கச் சுவர் மட்டும், 4, 5, 6. ‘ழ’ இரண்டு பக்கமும் நிறைந்தது, நான்காம் புள்ளி மட்டும் இருக்காது. ஒரு தடவை தொட்டவன் பிறகு குழம்ப மாட்டான். பிரெயிலே இல்லாமல் பேச்சை மட்டும் நம்பும் கருவியைப் பள்ளிப் பிள்ளைக்கு வாங்காதீர்கள் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம். பெரியவர்களுக்கு, எழுத்து ஏற்கெனவே கையில் படிந்தவர்களுக்கு, அது பரவாயில்லை.

சரி, என் முதல் தப்புக்கு வருகிறேன். 32 செல், ஆண்ட்ராய்டில் ஓடுவது, கையில் பிடித்தால் ஒரு தடித்த அகராதி அளவு. புதிதாக வாங்கினால் இந்த வகை அமெரிக்காவிலேயே 5,000 டாலருக்கு மேல், நம் பணத்தில் நான்கு லட்சத்தைத் தாண்டும். யாரோ பயன்படுத்தியது 85,000-க்குக் கிடைத்தது. ஏலச்சீட்டு எடுத்து வாங்கினேன். எந்த நிறுவனத்தின் கருவி, யார் விற்றார்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அவர்கள் பக்கத்துக் கதை எனக்குத் தெரியாது.

முதலில் சொர்க்கமாகத்தான் இருந்தது. அதற்குள்ளேயே மின்னஞ்சல், இணையம், நாட்காட்டி எல்லாம். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. உள்ளே இருந்தது பழைய ஆண்ட்ராய்டு. செயலிகள், ‘இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவில்லை’ என்று ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. இது என் கருவிக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இந்த வகைக்கே உள்ள இயல்பு. பிரெயில்நோட் டச் 2016-ல் வரும்போதே ஆண்ட்ராய்டு 4.4, அதற்கடுத்த டச் பிளஸ் 8.1, பிரெயில்சென்ஸ் 6 ஆண்ட்ராய்டு 10-ஓடு வந்தது. நான்கு லட்சம் போட்ட கருவியைப் பத்து வருடமாவது வைத்திருக்கத் தோன்றும். போன் உலகமோ மூன்று வருடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. பிரெயில் செல் கிழவியாகும் முன்பே உள்ளே இருக்கும் மென்பொருள் கிழவியாகிவிடுகிறது.

எட்டு மாதம் கழித்து லாடம் வந்தது. வட்டிக் கணக்குத் தெரியாமல் எங்கள் பக்கம் யாரும் வளர முடியாது, எனக்கும் மனக்கணக்கு ஓடியது: 85,000-ஐ எட்டால் வகுத்தால் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். காரைக்குடியில் நல்ல வீடு வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

ஒரு புள்ளி ஏன் படுத்துக்கொள்கிறது? இந்த விலையுயர்ந்த செல்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் மெல்லிய பீசோ பீங்கான் பட்டை ஒன்று இருக்கிறது. அதற்கு 200 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால் (மின்னோட்டம் மிகக் குறைவு, பயப்பட வேண்டாம்) லேசாக வளையும். வளைவு ஊசியைத் தள்ளும். கணினி பிரெயிலுக்காகச் செல்லுக்கு எட்டுப் புள்ளி வைப்பார்கள். 32 செல் என்றால் 256 பட்டை. விலை ஏன் செல்லுக்குச் செல் ஏறுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஊசி போகும் துளையில் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி சேர்ந்தால் புள்ளி திக்கும். ஆத்தங்குடி வீட்டில் தூசி என்பது சிமெண்டும் சாயப்பொடியும். அப்பா கல் போட்ட கையோடு, “என்ன ஆத்தா படிக்கிற?” என்று அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கவும் மாட்டேன்.

பழுது பார்க்க விசாரித்தேன். கருவியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், போக வர அனுப்பும் செலவு என்னுடையது, எத்தனை மாதம் ஆகும் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. அதுவரை எதை வைத்துப் பாடம் நடத்துவது என்று நான் கேட்டதற்கு, போனின் மறுமுனையில் இருந்தவர் மரியாதையாக மௌனம் காத்தார். அன்றையிலிருந்து யார் கேட்டாலும் என் முதல் கேள்வி, ‘எத்தனை செல்?’ என்பதல்ல, ‘கெட்டுப்போனால் எந்த ஊருக்கு அனுப்பவேண்டும்?’ என்பதுதான். மெட்ராஸ் என்றால் சந்தோஷம். பல்லவன் ரயிலில் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். டெல்லி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கடல் கடந்து என்றால் யோசியுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கடல் கடந்து போனால் திரும்பி வர மூன்று வருடம் ஆகும் என்பது பழைய பர்மாக் கணக்கு.

செல் எத்தனை வேண்டும் என்பது வேறு கதை. இங்கேதான் வெளிநாட்டுக்காரர்களின் பேச்சைக் கேட்டு நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ‘20 செல் போதும், 14-லேயே சமாளிக்கலாம்’ என்பார்கள். அவர்களுக்குப் போதும். ஆங்கிலத்துக்குச் சுருக்கெழுத்து பிரெயில் இருக்கிறது. ‘தி’ என்ற சொல் ஒரே செல், ‘அண்ட்’ ஒரே செல். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் முழு எழுத்து. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் வகுத்த பாரதி பிரெயில் முறையில், உயிர்மெய்யை மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என்று இரண்டு செல்லாக எழுதுகிறோம். ‘கா’ என்பது க, ஆ. அகரம் ஏறியதற்கு மட்டும் ஒரு செல் போதும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியாக ஒரு செல், நான்காம் புள்ளி. அச்சில் தலையில் உட்காருவது பிரெயிலில் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஆக அதற்கும் இரண்டு.

காரைக்குடிக் கொப்புடையம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொ’ இரண்டு, ‘ப்’ இரண்டு, ‘பு’ இரண்டு, ‘டை’ இரண்டு, ‘ய’ ஒன்று, ‘ம்’ இரண்டு, ‘ம’ ஒன்று, ‘ன்’ இரண்டு. எண்ணிப் பாருங்கள், 14. சட்டைப் பையில் போகும் 14 செல் கருவியில் அம்மன் மட்டும் அட்சரசுத்தமாக உட்காருவாள், வேறு யாருக்கும் இடமில்லை. ‘கொப்புடையம்மன் கோவில்’ என்று எழுதினால் இடைவெளி ஒன்று, கோவிலுக்கு ஆறு, மொத்தம் 21. 20 செல் வரியில் ஒரே ஒரு செல் குறைகிறது. சொல்லை உடைக்காமல் மடிக்கும் அமைப்பு போட்டிருந்தால் கோவில் முழுதாக அடுத்த வரிக்குப் போய்விடும், அம்மன் பக்கத்தில் ஆறு செல் சும்மா கிடக்கும். பழைய 32 செல்லில் ‘கொப்புடையம்மன் கோவில் தெரு’ என்பதே 26-ல் அடங்கியது. அந்தச் சுகத்தை நான் மறுக்கவில்லை.

இதற்கு நான் கண்ட வழி மிகச் சாதாரணம். சொல் மடிப்பை அணைத்துவிடுவது. கோவிலின் கடைசி ‘ல’ அடுத்த வரியில் தனியாக வந்து விழும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, ஒரு மாதத்தில் விரல் பழகிவிட்டது. வெற்று செல்லுக்காகக் கட்டைவிரல் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பதைவிட இது மேல். என்விடிஏயிலும் சொல்லை உடைக்காதே என்று ஒரு தேர்வு உண்டு, அதையும் எடுத்துவிட்டேன். ஆனால் மரபுக்கவிதை படிப்பவர்கள், சீர் பிரித்து வாசிப்பவர்கள், முடிந்தால் 32-க்கோ 40-க்கோ போய்விடுங்கள். வெண்பாவின் நாற்சீரடி 20 செல்லில் பெரும்பாலும் அடங்காது.

கடையில் காட்டிக்கொடுக்கிறவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் காட்டுவார். சரளமாக ஓடும். நீங்கள் தமிழில் எழுதிப் பாருங்கள். நான் சோதனைக்கு வைத்திருக்கும் சொல் ‘மணி’. பிரெயிலில் எண்ணுக்கு முன்னால் ஓர் அடையாளக் குறி போடுவோம். ‘ண’வுக்கும் அந்த எண் குறிக்கும் ஒரே வடிவம்: 3, 4, 5, 6. ‘இ’ என்பது 2, 4. எண் குறிக்குப் பின்னால் அதுவே ஒன்பது. மனித விரலுக்கு இதில் குழப்பமே வராது, ஏனென்றால் தமிழில் ‘ண’ மொழிக்கு முதலில் வராது. தொல்காப்பியர் அந்தக் காலத்திலேயே எங்களுக்காகச் சொல்லிவைத்துவிட்டார். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் அது எண், நடுவில் வந்தால் ‘ண’. ஆனால் தமிழ் இலக்கணம் தெரியாமல் செய்த, பிரெயிலை எழுத்தாக மாற்றும் அட்டவணை உள்ளே இருந்தால், ‘மணி’ கோப்பில் ‘ம9’ என்று விழும். ‘கண்ணே’யில் ஒரு ஐந்து முளைக்கும். என் பழைய கருவி இதைச் செய்தது. வீட்டுக்காரருக்கு, ‘மணி என்ன?’ என்று ஒரு செய்தி அனுப்பி, அவர் அதை ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்துப் பயந்தது தனிக்கதை.

இன்னொரு சோதனை, எழுதியது வெளியே எப்படிப் போகிறது என்பது. சில கருவிகள் நீங்கள் தட்டிய புள்ளிகளை அப்படியே பிஆர்எஃப் கோப்பாக வைத்துக்கொள்ளும். பிரெயில் அச்சுக்கும் பிரெயில் வாசிப்புக்கும் அது அருமையான வடிவம். ஆனால் அதைக் கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்பது ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து, மின்னஞ்சலில் வரும் அட் குறி, இரண்டு ‘எம்’, ஓர் அம்பு முனை என்று தெரியும். வினாத்தாள் தயாரித்து அப்படியே தலைமையாசிரியருக்கு அனுப்பிவிட்டேன். “என்னம்மா இது, வைரஸா?” என்றார். அது சங்கப் பாடல் ஒன்றின் பொருள் விளக்கக் கேள்வி. யூனிகோட் தமிழாக மாற்றித் தருமா என்று கேளுங்கள். கேட்டால் போதாது, எதிரில் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். லிப்லூயி என்ற திறந்தமூல நூலகத்தில் தமிழ் அட்டவணை இருக்கிறது, பல கருவிகளும் என்விடிஏயும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் எழுத்தைப் பிரெயிலாக்குவது ஒன்று, பிரெயிலை எழுத்தாக்குவது இன்னொன்று. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது சொதப்பும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன்.

விடுதிக் காலத்துத் தோழி ஒருத்தி மதுரையில் வங்கியில் இருக்கிறாள். கையில் 40 செல் காட்சிப்பலகை, அதாவது கணினியிலோ போனிலோ இருப்பதைப் பிரெயிலில் காட்டும் கருவி. அவள் அண்ணன் மகனிடம் ஒரு 20 செல். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்க் காலையிலிருந்து மாலை வரை இரண்டிலும் தட்டிக்கொண்டே இருந்தேன். “கடைக்காரன்கூட இவ்வளவு நேரம் விடமாட்டான்டீ, உனக்கு மதியச் சாப்பாடு வேற” என்றாள். அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டது அதற்கு முன் ஒரு வருடம் விசாரித்ததைவிட அதிகம்.

விலை குறைந்த 20 செல் கருவிகளில் எல்லாமே பீசோ இல்லை. ஆர்பிட் ரீடர் 20 வேறு வகைப் பொறியால் புள்ளியைத் தூக்கி நிறுத்துகிறது. புள்ளி கெட்டியாக, பெயர்ப்பலகையில் இருப்பது போல நிற்கும், அழுத்தினாலும் அமுங்காது. ஸ்லேட்டில் வளர்ந்த விரலுக்கு அது மிகவும் பிடிக்கிறது. பதிலுக்கு, வரி மாறும்போது சத்தம் வரும், பீசோவைவிடச் சற்று மெதுவாகவும் மாறும். எழுத்தின்மேல் இருக்கும் பொத்தானை அமுக்கிக் கர்சரை அங்கே கொண்டுவரும் வசதியும் அதில் இல்லை. மும்பையின் இன்னோவிஷன் செய்யும் பிரெயில்மீயும் 20 செல். டெல்லி ஐஐடியில் உருவாகி 2019-ல் வந்த டாட்புக்கில் 20, 40 என இரண்டு அளவு. அதைச் செய்வதில் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸுக்கும் பங்குண்டு. மேல்தட்டில் பிரில்லியன்ட், ஃபோகஸ் போன்ற காட்சிப்பலகைகள். இவற்றில் குறிப்பெழுதும் சிறிய நிரல் உள்ளேயே இருக்கும், மற்ற வேலைக்குப் போனோடு புளூடூத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் சொன்னதுதான் எனக்கு வழியைக் காட்டியது. மின்னஞ்சலும் இணையமும் போனின் வேலை. போன் பழசானால் பன்னிரண்டாயிரத்துக்கு வேறு போன். பிரெயில் கருவிக்கு எழுதவும் படிக்கவும் மட்டும் தெரிந்தால் போதும், அது பழசாகாது.

சத்தத்தைப் பற்றி ஒரு சொல். காரைக்குடியில் கம்பன் கழகத்தை 1939-ல் சா. கணேசன் தொடங்கினார். ஆண்டுதோறும் பங்குனியில் விழா, நிறைவு நாள் கம்பன் அடங்கிய நாட்டரசன்கோட்டையில். முடிந்தவரை போய்விடுவேன். பட்டிமண்டபத்தைப் பதிவு செய்தால் மூன்று மணி நேரத்தைத் திரும்பக் கேட்க மூன்று மணி நேரம் வேண்டும். எனக்குத் தேவை பேசியவர் மேற்கோள் காட்டிய இரண்டு பாட்டின் முதற்சீர். குறிப்பு எடுத்தே ஆகவேண்டும். ஒரு வருடம் ஸ்லேட்டோடு போனேன். அமைதியான இடத்தில், பேச்சாளர் நிறுத்திய ஒரு கணத்தில், என் குத்தூசியின் டொக் டொக் மட்டும் கேட்க, முன்வரிசைப் பெரியவர் திரும்பி, “என்ன ஆச்சி, பாக்கு இடிக்கிறீங்களா?” என்றார். ஆகவே கருவியைத் தொட்டுப் பார்க்கும்போது விசையின் சத்தத்தையும் கேட்டுப் பாருங்கள். வகுப்புக்கு ஓரளவு சத்தம் பரவாயில்லை. சபைக்கும் பரீட்சை அறைக்கும் ஆகாது.

அரசு உதவி பற்றிக் கேட்பவர்களுக்கு: மத்திய அரசின் ‘அடிப்’ (ADIP) திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தருகிறார்கள், வருமான வரம்பு உண்டு. ஆசிரியர் சம்பளத்துக்கு அது எட்டாது. மாணவர்கள் கட்டாயம் விசாரியுங்கள், அடையாள அட்டையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு அனுபவமில்லை.

நான் இப்போது வைத்திருப்பது 20 செல். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும், தவிர என் விரலுக்குப் பொருந்தியது உங்கள் விரலுக்குப் பொருந்தவேண்டும் என்றில்லை. எடை அரைக் கிலோவுக்குள். பையிலிருந்து எடுத்து முதல் எழுத்தைத் தட்ட நான்கு நொடி. பழையது எழுந்து சோம்பல் முறித்து வர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதற்குள் சொல்ல வந்தவர் போனை வைத்துவிடுவார். பஸ்ஸில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலிருந்து இறக்கிய புத்தகம் ஏதாவது படித்துக்கொண்டு வருவேன். தொடுவதற்கு முன் கை கழுவுவது வீட்டில் சட்டமாகிவிட்டது. அப்பா இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார், துண்டில் கையைத் துடைத்துவிட்டு. சில சமயம் துடைக்காமலும்.

பழைய 32 செல்லை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் பீரோவில் வைத்திருந்தேன். பள்ளத்தூரிலிருந்து ஒரு பையன் ஞாயிறுதோறும் என்னிடம் பிரெயில் படிக்க வருகிறான், ஒன்பதாம் வகுப்பு. அவன் அம்மா பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து என் அம்மாவோடு கதை பேசுவார். அவனிடம் கொடுத்து, “முதல் செல்லுல நாலாம் புள்ளி வராது, ல-ன்னு இருந்தா ப-வான்னு யோசி, க-ன்னு இருந்தா ம-வான்னு யோசி” என்று சொல்லியனுப்பினேன். நானும் அப்படித்தான் பல மாதம் யோசித்து யோசித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். எழுதிவந்த குறிப்பைப் படிக்கச் சொன்னேன். தடுக்காமல் படித்தான். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்குச் சந்தேகம். “எப்படிடா?” என்றேன்.

“ஒவ்வொரு வரியையும் ஒரு எடம் விட்டு ஆரம்பிச்சுட்டேம்மா. மொத வீட்டுல ஆள் இல்லைன்னு வச்சுக்கிட்டு ரெண்டாவது வீட்டுலேர்ந்து குடி வச்சுட்டேன்.”

கருவியை என் பக்கம் இழுத்து விரலை வைத்தேன். முதல் செல் காலி. இரண்டாவதிலிருந்து பாடம், பாடமாகவே இருந்தது.